அவசரமில்லை என்று சொன்ன மாமி

மாமி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எங்கள் ஆட்கள் கூடும் நோபல் பார்க் மண்டபம் அது. மாமி என் அப்பாவின் தங்கை. மெல்பேர்னில் ஓர் ஆய்வுகூடத்தில் புற்றுநோய் மரபணுக்களை ஆராய்கிறவர். அன்று அவர் எங்களிடம் இரத்தம் கேட்டு வந்திருந்தார். “உங்கட பேர் ஒருத்தருக்கும் தெரியவராது. ஆனா உங்கட இரத்தத்தில என்ன இருக்கெண்டு தெரிஞ்சா, ரொறன்ரோவில இருக்கிற இன்னொரு தமிழ்ப் பொம்பிளையைக் காப்பாத்தலாம். ஒளிச்சு வைச்சா ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை” என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் கைதட்டியவர் சின்னமாமி. அப்பாவுக்கும் மாமிக்கும் அவர் சின்னம்மாவின் மகள். மன்னாரில் ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள் மூவரும். சின்னமாமி இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்தார். “எங்கட அக்கா” என்று பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பாவினதும் மாமியினதும் அம்மா இறந்தபோது மாமி பள்ளிக்கூடப் பிள்ளை. “வயித்துக்குள்ள ஏதோ” என்றார்கள். அதற்கு மேல் நோய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயரைத் தேடித்தான் தான் இந்தப் படிப்புக்கு வந்ததாக மாமி சொல்வார். வந்து பார்த்தால், உலகத்தின் தரவுத் தொகுப்புகளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலையாகக் குவிந்திருந்தன. நாங்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. அதனால் எங்கள் பெண்கள் பரிசோதனைக்குப் போனால், ‘மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது ஆபத்தா இல்லையா என்று சொல்ல முடியவில்லை’ என்ற பதிலோடு திரும்பினார்கள். கட்டுரை எழுதிப் பேர் எடுக்கும்வரை தரவைப் பூட்டி வைத்திருக்கும் ஆய்வாளர்களோடு மாமி வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார். சிலர் அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டார்கள். ஆனாலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் தங்கள் தரவுகளை ஒன்றாகச் சேர்த்தன. எங்கள் வீட்டில் அவரை ஒரு மந்திரியைப் போல நடத்தினோம்.

அப்படிச் சேர்ந்த தரவுகள்தான் ஒரு நாள் மாமியையே காட்டிக்கொடுத்தன. அவர் தன்னையும் முன்னர் பரிசோதித்திருந்தார். அவரிடம் இருந்த மாற்றம் ‘சொல்ல முடியாத’ வகையைச் சேர்ந்தது. வேறு நாட்டுக் குடும்பங்களின் தரவுகளும் வந்தபிறகு அதற்குப் பொருள் தெரிந்தது. அது சூலகத்தில், கருமுட்டைப் பையில், புற்றுநோயைக் கொண்டுவரும் மாற்றம். மாமி சத்திரசிகிச்சை செய்து சூலகங்களை எடுத்துவிட்டார். கேட்டவர்களிடம் “கட்டியொண்டு இருந்தது” என்றார். உண்மையைச் சொன்னது என் அப்பாவிடம் மட்டும்.

அப்பா பயந்துபோனார். அப்போதுதான் எனக்குச் சிட்னியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். “பிள்ளையின்ர கலியாணம் முடியட்டும். பிறகு நீ ஊருக்கெல்லாம் சொல்லு. இப்ப சொன்னா எங்கட வீட்டில ஆர் பொம்பிளை எடுப்பான்?” என்று கேட்டிருக்கிறார். சில மாதங்கள்தானே என்று மாமி சம்மதித்திருக்கிறார். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் இறந்து கலியாணம் தள்ளிப்போனது. பிறகு மண்டபம் கிடைக்கவில்லை. சில மாதங்கள் இரண்டு வருடத்தை நெருங்கின. இவையெல்லாம் எனக்குப் பின்னர் தெரியவந்தவை.

ஒன்றை மட்டும் நான் என் காதால் கேட்டேன். கலியாணத்துக்குப் பலகாரம் சுடச் சின்னமாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாமியும் நின்றார். எண்ணெய்ச் சட்டியில் கொக்கிஸ் அச்சை உதறிக்கொண்டே சின்னமாமி கேட்டார்: “அக்கா, பெரியம்மாவுக்கு வந்ததும் நீங்கள் ஆராயிற இந்த வருத்தம்தானே? நானும் ஒருக்காச் சோதிச்சுப் பாக்கட்டோ?” மாமி தட்டில் இருந்த கொக்கிஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியவற்றை மீண்டும் கலைத்து அடுக்கினார். “உனக்கு இப்ப அவசரமில்லை” என்றார். உலகமே கேட்கிற ஒருவர் சொன்ன பதில் அது. சின்னமாமி நிம்மதியாகச் சிரித்தார்.

என் கலியாண விருந்தில் சின்னமாமியால் சாப்பிட முடியவில்லை. வயிறு ஊதிக் கிடக்கிறது, வாய்வு என்றார். மாமியின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன், காரணம் தெரியவில்லை. அடுத்த கிழமையே மாமி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

நான் சிட்னியிலிருந்து பார்க்கப் போனபோது மாமி என்னையும் அழைத்துக்கொண்டு சின்னமாமியின் நோபல் பார்க் வீட்டுக்குப் போனார். சின்னமாமி குசினிக் கதிரையில், தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு இருந்தார். மாமி உட்காரவில்லை.

“எனக்கு முந்தியே தெரியும், தங்கச்சி. என்னட்டயும் இருக்கு. நான் எடுத்துப்போட்டன். உனக்குச் சொல்லேல்லை.”

சின்னமாமிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனக்கும்தான். “நான் கேட்டனான் எல்லே அக்கா” என்றார்.

“ஓம். கேட்டனீ.”

“ஏன்?”

 மாமியின் கண் ஒரு கணம் என் பக்கம் வந்து போனது. சின்னமாமி அதைக் கண்டுவிட்டார். என்னையும் என் கழுத்திலிருந்த தாலிக்கொடியையும் பார்த்தார். ஏசவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. அது அந்த வீட்டில் யாருக்கும் உதவாத சொல்.

“என்ர பிள்ளையளுக்கு இனி ஆர் சொல்லுறது?” என்று சின்னமாமி கேட்டார்.

“நான் சொல்லுறன்.”

“வேண்டாம். நீங்கள் சொன்னா அவளவை இனி நம்ப மாட்டாளவை. நான் சொல்லுறன்.”

வாசலில் நின்று மாமி இன்னொன்று கேட்டார். அதே மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லட்டுமா என்று. சின்னமாமி தலையாட்டி மறுத்தார். “என்ர வருத்தத்தை வைச்சு நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டாம்.” சம்மதமில்லாமல் ஒருவருடைய தகவலைத் தொடக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் மாமி. அந்த மறுப்புக்கும் கட்டுப்பட்டார். அதன்பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. வேலைக்கு மட்டும் போய் வந்தார். சின்னமாமியின் இறுதிப் பூசையில் அப்பா குடும்பத்தோடு முன்வரிசையில் நின்று ஆட்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமி கடைசி வாங்குப் பலகையில், தூணுக்குப் பின்னால் இருந்தார். சின்னமாமியின் மகள்கள் இருவரும் அவரைக் கடந்து போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் நானும் பரிசோதனை செய்தேன். எனக்கும் இருக்கிறது. சிட்னியில், எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் கணவரையும் மாமியாரையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் என் கையைப் பிடித்தார். “இதுக்காகவோ உங்கட வீட்டில இவ்வளவு பயந்தவை? நாங்கள் வேண்டாமெண்டு சொல்லியிருப்பமோ?” என்றார்.  ஒரு பேச்சுக்குப் பயந்து, யாரிடமும் கேட்டுப் பார்க்காமலே ஓர் உயிரைக் கொடுத்திருக்கிறோம். பிறகு மாமியார் குரலைத் தாழ்த்தினார். “ஆனா வெளியில சொல்லாதேங்கோ பிள்ளை. என்ர சின்னவளுக்கு இப்பதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம்.”

“ஓம்” என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவ்வளவு எளிதாக வந்தது. மாமியின் வாயிலும் அன்று அப்படித்தான் வந்திருக்கும்.

“எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அன்ரி” என்றேன்.

பின்னேரம் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். பரிசோதனை முடிவைச் சொன்னேன். வீட்டில் சொன்னதையும் சொன்னேன்.

“சொல்லிப்போட்டியோ?”

“ஓம் மாமி. எல்லாருக்கும்.”

 “ஒப்பரேசனுக்கு நான் வந்து பக்கத்தில நிக்கட்டோ?” என்றார். என்னைத் தூக்கி வளர்த்தவர், எந்த நேரத்திலும் மணி அடிக்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்து போனவர், முதல்முறையாக என்னிடம் அனுமதி கேட்டார்.

“வாங்கோ மாமி” என்றேன்.