உச்சிக்குழியில் பார்த்த ஸ்கேன்

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, டாக்டரம்மா, ஒரு நர்ஸ், கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள். வெளியே ஆட்டோவில் மனைவியின் தம்பி. அவனையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். என் உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவன் கை, கொஞ்சம் பெரிசுதான்.

"குறைமாசப் பிள்ளைகளுக்கு மூளையில ரத்தம் எப்படி ஓடுதுன்னு அளந்து பாக்கோம் அண்ணே. வெறும் ஸ்கேன்தான், ஊசி கிடையாது. நல்லா இருக்கிற பிள்ளைகளை மட்டுந்தான் எடுக்கோம்" என்றார் டாக்டரம்மா.

நல்லா இருக்கிற பிள்ளையை எதற்கு அளக்க வேண்டும்? நான் எட்டாவதோடு நின்றவன். கவலைப்பட அது போதும். எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

"அருவியில தண்ணி வந்தாலும் கவலை, வரலன்னாலும் கவலை. சம்மதத் தாளுல கையெழுத்தைப் போடுங்க" என்றாள் மனைவி. போட்டேன்.

நர்ஸ் பிள்ளையின் உச்சிக்குழியில் ஜெல் வைக்கப் போனார். உள்ளங்கையில் சூடாக்காமல் நான் யார் தலையிலும் எண்ணெய் வைத்ததில்லை. "சிஸ்டர், சளி பிடிச்சிரும். இங்கன தாங்க, சூடு பண்ணித் தாரேன்" என்று கையை நீட்டினேன்.

"அது சூடாத்தான் இருக்கு. நீங்க போய் மறுபடி கை கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தபோது திரையில் சிவப்பும் நீலமும் துடித்துக்கொண்டிருந்தன.

"நீலம் கெட்ட ரத்தமா?"

"இல்லண்ணே. நாங்க தலையில வச்சிருக்க கருவியை விட்டு அங்கன போற ரத்தம். சிவப்பு, கருவியைப் பாத்து வார ரத்தம்."

"நார்மலா?"

"ரத்தக்கசிவு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா. ஆனா இம்புட்டுச் சின்னப் பிள்ளைக்கு ஓட்டம் எம்புட்டு இருந்தா நார்மல்னு தெரியத்தான் அளக்கோம். இனிமே வார பிள்ளைகளை இவளை மாதிரி பிள்ளைகளோட ஒத்துப் பாப்போம்."

இது புதுக் கவலை. என் மகள் அளவு பிசகினால் பின்னால் வருகிற பிள்ளைகள் கதி என்ன? கேட்டேன். இவள் ஒருத்தியை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டோம் என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்டேன். அதே பதில்.

ஆட்டோவில் மச்சினன் சொன்னான்: "ஸ்கேன் சட்டுனு முடிஞ்சிட்டுன்னு அக்கா சொல்லுதா. மிச்ச நேரம் பூரா நீங்க கேட்ட கேள்வி. அதுக்கு வெயிட்டிங் உண்டு அத்தான்."

மகள் இப்போது அதே ஆட்டோவில் ஏறி நின்று ஹாரன் அடிக்கிறாள். நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை. அன்றைய வெயிட்டிங் பாக்கி நூற்று இருபது ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது.