கோயில் சுவர் காட்டிய கிழக்கு

அடுத்த அறையில் ஊசி கீறும் ஓசை சட்டென்று நின்றது. அடுப்படியில் மீன் கழுவிய சிலுவையம்மாளின் கையும் நின்றது. சோதனை முடிந்துவிட்டது. தீர்ப்பு வரப்போகிறது.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்கு எதிரே, வீட்டோடு ஒட்டியிருந்த சிறு பூகம்ப நிலையத்தை அவள் கணவன் செல்வநாதன் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டான். பூமி அசைந்தால், புகையேற்றிய காகிதத்தில் கருவியின் ஊசி கோடு கிழிக்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் கருவியை அவன் ‘மவளே’ என்றுதான் கூப்பிடுவான்.

மேலதிகாரி கோதண்டம் புதுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, திசைகாட்டி பார்த்து வடக்கு நோக்கி, அறையின் மறுகோடியில் வைத்திருந்தார். தரை ஒன்று, கடந்துபோகும் ரயிலும் ஒன்று. வடக்கு பார்த்து வைத்த கருவி அந்தத் திசையின் அசைவை மட்டுமே எழுதும்; ஆகவே இரண்டு ஊசிகளும் ஒரே கோட்டை எழுத வேண்டும். எழுதவில்லை. பழைய கருவி தானாகவே நடுங்குகிறது, அதைக் கழித்துவிட வேண்டியதுதான் என்றார் அதிகாரி.

செல்வநாதனின் கண் நிறைந்துவிட்டது. பழைய கருவியின் வடக்கை எப்படிப் பார்த்து வைத்தாய் என்று அவர் கேட்டபோது, நேர் கிழக்கு பார்த்த கோயிலின் முன்சுவர் தெற்கு வடக்காகத்தானே ஓடும், அதற்கு நூல் பிடித்துத்தான் என்றான். மாதாவை விடவா திசைகாட்டி பெரிது?

ஈரக் கையோடு சிலுவையம்மாள் வந்து நின்றாள்.

“இன்னாய்யா சொல்ற? அந்தச் செவுத்தாண்ட கருவாடு காயப்போடறவ நானு. பன்னெண்டு மணி அடிச்சு, வூட்டுக்கு வந்து சோறு துன்னுட்டுப் போனாலும் அங்க வெயிலு கீது. நேர் கெயக்குன்னா உச்சியோட வெயிலு போயிருக்கணும்ல?”

கோதண்டம் வாசலுக்குப் போய் எதிரே இருந்த கோயில் சுவரைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் கோல் நட்டார். உச்சியில் மிகக் குட்டையாகும் நிழல்தான் சரியான தெற்கு வடக்குக் கோடு; மூவரும் அதுவரை காத்திருந்தார்கள். கோயில் கிழக்கிலிருந்து ஏழு பாகை தெற்கே திரும்பியிருந்தது. கட்டிய கொத்தனாருக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

பழைய கருவியை நிழல் காட்டிய வடக்குக்குத் திருப்பி வைத்தான் செல்வநாதன். அடுத்த ரயில் போனதும் இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தார்கள். கோட்டின்மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. மிஞ்சிய நடுக்கம் மயிரிழைகூட இல்லை.

“உங்க மக நல்ல மகதான்யா. இங்கேயே இருக்கட்டும்” என்றார் கோதண்டம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்க, கடற்காற்று கதவைப் படாரென்று சாத்தியது. உள்ளே இரண்டு ஊசிகளும் ஒன்றாகத் துள்ளி, ஒரே அளவு கோடு கிழித்து அடங்கின.