சாம்பலைத் தொட்டுப் பார்ப்பவர்

அடுத்தவர் மூட்டிவிட்டுப் போன அடுப்பின் சாம்பலுக்குள் பர்கெட் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவுகிறார். மேலே குளிர்ந்து கிடக்கும் சாம்பலை அவர் நம்புவதில்லை. அடியில், ஏதோ ஒரு வேரோரமாக ஒரு கங்கு உயிரோடு இருந்தால் போதும், காற்று திரும்பும்போது மலையே போய்விடும். விரல்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்து குதிரையேறுவார்.

மொன்டானாவின் இந்த மலைகளைத் தேசியக் காடு என்று அறிவித்த அரசாங்கம், ரேஞ்சர் என்று ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்து அவரை மேலே அனுப்பிவைத்தது. குதிரை, சேணம், கோடரி எல்லாம் அவர் கைக்காசு. கண்ணுக்கெட்டிய காட்டுக்கெல்லாம் அவர் ஒரே ஆள். ஜூனுக்குப் பிறகு மழை இல்லை, ஓடைகளும் வற்றிவிட்டன. சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய்க் காற்றை மோந்து பார்க்கிறார். பைப்பைப் பற்றவைக்காமலே கடித்துக்கொண்டு திரிகிறார்.

ஆட்டுக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. கேட்பாரற்று மேய்த்த இடத்துக்கு இப்போது இந்த மனிதரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே. அவர்களில் வாய் நீளம் ஆரினுக்கு. பர்கெட்டின் மனைவி லாட்டிக்கு அவர் அண்ணன்.

"என்ன மாப்ளே, மரத்துக்கெல்லாம் தாலாட்டுப் பாடி முடிச்சாச்சா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை கொதிக்கும் காபிக் கெட்டிலை அடுப்பிலிருந்து வெறும் கையால் பிடித்து இறக்கினார். மாவு பிசைந்துகொண்டிருந்த லாட்டியின் கை நின்றுவிட்டது.

"சுடலையா உங்களுக்கு?"

"எது?"

அவள் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். வெந்து வெந்து காய்த்துப்போயிருந்தது உள்ளங்கை. தைக்கிற ஊசியால் குத்தினாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது கையும் அதே கதைதான். வலது எரிந்த நாட்களில் அதைத்தானே விட்டிருந்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று இந்தக் கைகளை நம்பி அவர் விட்டுவந்த அடுப்புகள் மலை நெடுகக் கிடந்தன. காபியைத் தொடாமல் குதிரைக்குச் சேணம் பூட்டினார்.

முதலில் மேட்டின் மேலிருந்த ஆரினின் பட்டிக்குப் போனார். அந்த மேட்டுக்கு நேர் கீழேதான் பர்கெட்டின் வீடு. நடுவில் முழுக்கக் காய்ந்த பைன் மரங்கள்.

"நேத்துதானே தொட்டுப் பாத்துட்டுப் போனீங்க? வீட்ல ஏதும் சண்டையா மாப்ளே?"

பர்கெட் தொப்பியைக் கழற்றி வைத்தார். பழைய அடுப்பைக் குச்சியால் கிளறி, குப்புறப் படுத்து, கன்னத்தைச் சாம்பலில் வைத்தார். ஆரின் சிரித்தார். பர்கெட் முகத்தை மெல்ல நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அசையாமல் கிடந்தார். தாடி கருகும் வாடை வந்தது, ஆரினின் சிரிப்பு அடங்கிவிட்டது.

இடம் தவறிவிடக் கூடாது என்று முகத்தை எடுக்காமலே, தண்ணீருக்காக ஆரினின் பக்கம் கையை நீட்டினார் பர்கெட்.