என் வாய் பட்ட பாத்திரம்

பரந்தனில் இருக்கிற எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில், சனிக்கிழமைகளில் திருவிருந்துப் பாத்திரத்தைத் துலக்குவது என் வேலை. அன்றும் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. வாயைத் துடைத்த சேலைத் தலைப்பில் சிவப்பாக ஒரு பொட்டு. வெற்றிலை போடாத வாய் என்னுடையது.

அதற்கு முன்பே பின்னேரக் காய்ச்சல் இருந்தது, வியர்வை இருந்தது. எல்லாவற்றுக்கும் வெயிலின் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்தேன். இருமல் வாரக்கணக்காக விடாவிட்டால் நீங்களாவது உடனே போய்க் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள். காசநோய் (நுரையீரலைப் பிடிக்கும் கிருமித் தொற்று, எங்கள் பக்கத்தில் கசம் என்பார்கள்) என்று முடிவு வந்தது. டொக்டர் இளம் பெண்.

"அம்மா, இது மாறுற வருத்தம். ஆனா ஆறு மாசமும் குளிசையை விடாமக் குடிக்கோணும்."

"வீட்டில பேரப்பிள்ளை இருக்கு. பேணி, கோப்பை எல்லாம் புறம்பா வைக்கோணுமோ?"

"பேணியால பரவாது. இருமேக்க காத்தாலதான் பரவும். முதல் கொஞ்சக் காலம் வாயை மூடிக்கொண்டு புறம்பாப் படுங்கோ, அவ்வளவு காணும்."

இதை மருமகள் ஜெனிற்றாவிடம் அப்படியே சொன்னேன். ஆனாலும் மறுநாள் எனக்கென்று நெளிந்த தகரப் பேணி ஒன்றில் தேத்தண்ணீர் வந்துவிட்டது. "பிள்ளைக்காகத்தான் மாமி" என்றாள். தாய்க்குப் பயம் இருக்கும்தானே. வாங்கிக் குடித்தேன்.

குளிசையைச் சுகாதார ஊழியர் பார்த்திருக்க விழுங்க வேண்டும் (நேரடி மேற்பார்வைச் சிகிச்சை: நோயாளி இடையில் விட்டுவிடாதபடி கண்முன்னே மருந்து கொடுப்பது). குமட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம்.

கோயிலைக் கூட்டவும் பாத்திரத்தைத் துலக்கவும் வேறு ஆள் போட்டார்கள். அப்போதுதான் நான் உடைந்துபோனேன். ஒன்றுக்கும் உதவாதவளை எதற்கு வைத்திருக்கிறீர் என்று ஆண்டவரிடம் சண்டை பிடித்தேன். பதிலுக்குக் காலையில் குளிசைதான் வந்தது. சரி, இன்றைக்கு எனக்குத் தந்த ஊழியம் இதுதான் என்று நினைத்து, சோற்றுக்குச் செபிப்பது போல அதற்கும் செபித்துவிட்டு விழுங்கினேன். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

செபக்கூட்டத்து ரஞ்சி அக்கா பார்க்க வந்தார். வாசலோடு நின்றார்.

"மறைச்ச பாவம் ஏதும் இருக்கோ எண்டு யோசிச்சுப் பார் பிள்ளை."

"பாவத்துக்கு இந்தக் குளிசை கேக்குமெண்டா உங்களுக்கும் ரெண்டு தாறன் அக்கா."

அவர் போன பிறகு சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஆறு மாதமும் முடிந்தது. சளியில் கிருமி இல்லை, சுகம் என்று டொக்டர் சொன்னார். தகரப் பேணி மட்டும் மாறவில்லை. மீண்டும் கோயிலுக்குப் போகவிருந்த கிழமை போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். எங்கள் கோயிலில் திருவிருந்தின் திராட்சை ரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்போம். மிச்சத்தைப் போதகர் குடித்து முடிப்பார்.

"அக்கா, நீங்கள் கடைசியா வாங்கோ. உங்களுக்குப் பிறகு நான் மட்டும்தானே. எனக்குப் பயமில்லை."

"எனக்கு மாறீட்டுது ஐயா."

"எனக்குத் தெரியும். சனம்தான்..."

"அப்ப அதைச் சனத்துக்குச் சொல்லுங்கோவன்."

அவர் நிலத்தைப் பார்த்தார். குசினி வாசலில் ஜெனிற்றா கையில் அகப்பையோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது என் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த பாத்திரம் அது. அந்த உரிமையைக்கூட நான் கேட்கவில்லை. அங்கே கடைசி இடம் என்று ஒன்றை நான் ஒப்புக்கொண்டால், நாளைக்கு வருத்தம் வருகிற இன்னொருவருக்கும் அதையே காட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, போதகர் அழைத்ததும் முதல் ஆளாக எழும்பினேன். பீடத்தின் முன் முழங்காலில் நின்று அப்பம் வாங்கினேன். பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்தேன். பின்னால் ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.

வளையல் சத்தம் கேட்டது. ஜெனிற்றா என் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்றாள். போதகர் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"பரவாயில்லை ஐயா, தாங்கோ" என்று வாங்கிக் குடித்தாள்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். சிலர் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள், ரஞ்சி அக்காவும்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அடுத்த திருவிருந்துக்கும் முதலாவதாகத்தான் போனேன். இனியும் போவேன்.

பழைய உடம்பு முழுதாகத் திரும்பவில்லை. சைக்கிள் மிதித்தால் பாதி வழியில் இறங்கி நிற்கிறேன். முன்பு மூச்சு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது அது உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிகிறது. விடிந்ததும் கை தானாகக் குளிசைக்கு நீள்கிறது. குளிசை இல்லை. செபத்தை மட்டும் சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாரும் குடிக்கிற பேணியில் தேத்தண்ணீர் குடிக்கிறேன்.

அந்தத் தகரப் பேணியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஒன்றின் வாய் பட்டதை மற்றது குடிக்கிறது. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.