கடல் மேல் போன சைக்கிள் கோடு

வெள்ளிக்கிழமை, காலை 10.40. விமானம் போர்ட் பிளேரில் இறங்கியது. ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பலகையில் புதுப்பெயர் இருக்கிறது, வெளியே நின்ற ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான் இருந்தது. டாலிகஞ்சுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார். திருச்சியில் பேரம் பேசாமல் நான் ஆட்டோவில் ஏறியதே கிடையாது. அன்று வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வழியில் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டிக்கொண்டு போவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். மாலையில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் சைக்கிள் குழுவில் யார் நீண்ட தூரம் ஓட்டினாலும், அவர்கள் போன பாதையைப் போனில் இருக்கும் ஜி.பி.எஸ். பதிந்து வைக்கும். அந்தப் பதிவை எனக்கு அனுப்புவார்கள். நான் கம்ப்யூட்டரில் வரைபடத்தின் மேல் அந்தக் கோட்டைப் போட்டு, எங்கே நின்றார்கள், எங்கே ஏறினார்கள், நடுவில் யாராவது லாரியைப் பிடித்துக்கொண்டு போனார்களா என்று பார்த்து, ‘நிறைவு’ அல்லது ‘நிராகரிப்பு’ என்று எழுதுவேன். முழங்கால் வலி வந்த பிறகு நான் ஓட்டும் சைக்கிள் பெரும்பாலும் இதுதான். நாற்காலியை விட்டு எழாமலே கொடைக்கானல் வரை ஏறியிருக்கிறேன்.

மூன்று வாரம் முன்பு டாலிகஞ்சிலிருந்து, போன் வழியாக எங்கள் குழுவில் சேர்ந்திருந்த ஸ்டெல்லா என்பவரின் பதிவு வந்தது. ஒரே நாளில் 101.3 கிலோமீட்டர். எங்கள் குழு அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போகிறது. ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியவர்களுக்குத்தான் அதில் இடம். நான் கோட்டைப் பார்த்தேன். ஓரிடத்தில் அது தரையை விட்டு இறங்கி, நீலத்தில் நேராகப் போய், எதிர்க்கரையில் ஏறியது. வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘மோட்டார் வாகனம் பயன்படுத்தியுள்ளார், நிராகரிப்பு’ என்று எழுதினேன். அதோடு விட்டேனா? ‘கடல் மேல் சைக்கிள் ஓட்டும் வீராங்கனை’ என்று குழுவில் ஒரு வரி போட்டேன். ஐம்பது பேர் சிரித்தார்கள்.

மறுநாள் அந்த அம்மாள் போன் செய்தார். சண்டை போடவில்லை. “அண்ணாச்சி, நீங்க எங்க ரோட்டப் பாத்ததில்லல்லா? ஒருக்கா வந்து பாத்துட்டு எழுதுங்க” என்றார். அவ்வளவுதான். குழுவில் போட்ட அந்தக் கேலி வரி என்னை உறுத்த ஆரம்பித்தது. எனக்கு அலுவலகத்தில் எல்.டி.சி. என்கிற பயணச் சலுகை பாக்கி இருந்தது. ராமேஸ்வரப் பயணத்தின் பெயர்ப்பட்டியல் இந்தத் திங்கட்கிழமை மூடுகிறது. கிளம்பிவிட்டேன்.

காலை 11.30. ஸ்டெல்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பெற்றோர் தூத்துக்குடிக் கரையிலிருந்து மீன் தொழிலுக்கு வந்தவர்கள். இவர் டாலிகஞ்சில் பெயின்ட், குழாய், ஆணி விற்கும் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் மாதா படம், அதற்குக் கீழே பில் போடும் கம்ப்யூட்டர், சுவரோரம் பச்சை நிற சைக்கிள். நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் தட்டில் சோறும் சூரை மீன் குழம்பும் வந்துவிட்டன.

“மொதல்ல சாப்பிடுங்க. திட்டுறதுன்னா பொறவு திட்டிக்கிடுதேன்.”

சாப்பிட்டு முடித்ததும் அவருடைய பதிவைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தோம். கோடு கடலில் இறங்கும் இடத்தில் விரலை வைத்தேன்.

“இது சாத்தம். அது பாம்பூ ஃபிளாட். நடுவுல ஃபெரி. வாறப்போ ரோடு சுத்தி வந்துட்டேன்” என்றார்.

“குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்குமே, அதில் ஃபெரின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமேம்மா?”

அவர் நிஜமாகவே குழம்பிப் போனார். “ஃபெரிய எதுக்கு எழுதணும்? நீங்க திருச்சில பாலம் தாண்டுனா எழுதுவியளா?”

காவிரிப் பாலத்தை நான் எத்தனை ஆயிரம் முறை தாண்டியிருப்பேன்! ஒருமுறைகூட எங்கேயும் எழுதியதில்லை. இந்த ஊரில் ஃபெரியும் ரோடுதான், ரோட்டில் கொஞ்சம் ஈரமான பகுதி. அது வெளியூர்க்காரனுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கோ கேட்கத் தோன்றவில்லை. என் காது சூடாகிவிட்டது.

சனிக்கிழமை, காலை 6.10. அவர் தம்பியின் சைக்கிளை எனக்குக் கொடுத்தார். சாத்தம் துறைக்கு ஏழு கிலோமீட்டர்தான், ஆனால் அத்தனையும் மேடும் பள்ளமும். திரையில் இந்த மேடுகள் எறும்புப் புற்றுபோலத் தெரிந்தன. என் முழங்கால் வேறு கதை சொன்னது. ஃபெரியில் முதலில் ஜீப்பும் லாரியும் ஏறின, பிறகு ஸ்கூட்டர்கள், கடைசியில் நாங்கள். பக்கத்தில் கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற வங்காளிப் பெரியவர் என்னைக் காட்டி, சைக்கிள் ஓட்டவா மெயின்லேண்டிலிருந்து வந்திருக்கிறார் என்று இந்தியில் கேட்டார்.

“ஓட்ட இல்ல தாதா, தேக்னே கே லியே. பாக்குறதுக்கு மட்டும்” என்றார் ஸ்டெல்லா. பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஃபெரி கிளம்பியது. என் போனில் புள்ளி கடலில் இறங்கிற்று. வேகம் பதினொன்று. திருச்சியில் உட்கார்ந்து நான் திருட்டு என்று முடிவு கட்டிய அதே பதினொன்று. மேலே காற்று, கீழே மரகதப் பச்சைத் தண்ணீர், பின்னால் சாத்தம் மரமில்லின் கூரை. ஸ்டெல்லா சைக்கிளைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ராமேஸ்வரத்துக்கு வர ஏன் இவ்வளவு ஆசை, கோயிலுக்கா என்று கேட்டேன்.

“நான் சர்ச்சுக்காரி அண்ணாச்சி. கோயிலெல்லாம் இல்ல. இங்க எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்துல கடல் வந்து ‘பஸ், போதும், திரும்பு’ங்குது. சிடியாடாப்பு போனாலும் கடல், வண்டூர் போனாலும் கடல். மெயின்லேண்டுல காலைலருந்து சாயந்தரம் வரைக்கும் சீதா, நேரா ஒரே ரோட்டுல, எறங்காம, திரும்பாம ஓட்டணும். எப்பிடி இருக்கும்னு பாக்கணும்.”

ராமேஸ்வரம் சாலையும் கடலில்தான் போய் முடியும் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பாம்பூ ஃபிளாட்டில் இறங்கி விம்பர்லிகஞ்ச் வரை மிதித்தோம். அங்கே டீ பத்து ரூபாய். அதற்கு மேல் என் முழங்கால் கையெடுத்துக் கும்பிட்டதால் திரும்பிவிட்டோம்.

மாலை 4.00. கடைக் கம்ப்யூட்டர். ஃபெரியை அறிவித்துவிட்டால் எங்கள் விதிப்படி தவறில்லை. அந்தத் தூரத்தை மட்டும் கழிக்க வேண்டும். சாத்தம் துறையில் ஒரு புள்ளி, பாம்பூ ஃபிளாட்டில் ஒரு புள்ளி வைத்து அளந்தேன். 2.1 கிலோமீட்டர். கழித்தேன். 99.2. மறுபடி அளந்தேன், புள்ளியைத் துறையின் விளிம்பு வரை தள்ளிக்கூடப் பார்த்தேன். 99.2.

எண்ணூறு மீட்டர். தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் தூரம். ஸ்டெல்லா வாசலில் யாருக்கோ பி.வி.சி. குழாய் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘நிறைவு’ என்று அழுத்திவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் சோற்றைத் தின்ற கை அந்தப் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிறகு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

உள்ளே வந்து திரையில் எண்ணைப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது. பிறகு கேட்டார்:

“அப்போ அந்த ‘மோட்டார்’ங்கிற வார்த்தைய எடுத்துருவியல்லா?”

எடுத்தேன். ‘நிராகரிப்பு, 0.8 கி.மீ. குறைவு’ என்று மாற்றினேன். குழுவிலும் எழுதினேன்: ‘அது ஃபெரி. விசாரிக்காமல் கேலி செய்தது என் தவறு.’ அவர் இரண்டையும் வாய்விட்டுப் படித்தார்.

“டீக் ஹை, சரி. ஃபெயில்னா ஃபெயில். மூணு வாரமா கடைக்கு வாற சின்னப் பயலுவகூட ‘ஸ்டெல்லா ஆன்ட்டி, மோட்டர் எங்க?’ன்னு கேக்கானுவ. இனி கேக்க மாட்டானுவல்லா?”

கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்தேன். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. திருச்சியில் அந்நேரம் இன்னும் வெளிச்சம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.00. கடை மாடியில் எழுந்து கீழே வந்தால் பச்சை சைக்கிள் இல்லை. ஸ்டெல்லாவின் தம்பிதான் காபி கொடுத்தார். “அக்கா நாலேகாலுக்கே போயிட்டா. பூசைக்கு சாயந்தரம் போய்க்கிடுவாளாம்” என்றார்.

காலை 11.45. விமானம் ஒன்றரைக்கு. நிலைய வாசலில் பெட்டியோடு நின்று அவருக்கு நாலாவது முறையாகப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று மனசு கேட்கவில்லை. உள்ளே போகத் திரும்பியபோது சரிவில் பச்சை சைக்கிள் வந்தது. முகமெல்லாம் உப்பு, பேன்ட்டும் சட்டையும் நனைந்து ஒட்டியிருந்தன.

“பாருங்க அண்ணாச்சி, ஜல்தி பாருங்க!” என்று போனை நீட்டினார்.

“மாட்டேன்மா. ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பேன். விதி.”

“அரே! இவ்ளோ பக்கத்துல நின்னுக்கிட்டா?”

இருவரும் சிரித்தோம். வீட்டில் கொடுக்கச் சொல்லிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். ஏற்றத்தில் சங்கிலி கழன்றதைச் சொன்னார். காவலர் விசிலடிக்கும் வரை பேசிக்கொண்டே நின்றோம்.

திங்கட்கிழமை, காலை 6.00, திருச்சி. வெளியே பால்காரர் மணி. கொல்லைப்பக்கம் என் சைக்கிள் தூசியோடு நிற்கிறது. பதிவைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில், அந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் எழுதாத ஒரு வரி: ‘சாத்தம் டு பாம்பூ ஃபிளாட் ஃபெரி. அந்த நேரம் சைக்கிள் மேல உக்காரல.’ ஃபெரியைக் கழித்து 104.7.

கோட்டை முனைவரை பார்ப்பது என் வழக்கம். அது டாலிகஞ்சைத் தாண்டி விமான நிலைய வாசலில் போய் நிற்கிறது. நின்ற இடத்தில் கிறுக்கலாக ஒரு முடிச்சு. ஆள் ஒரே இடத்தில் நின்றாலும் ஜி.பி.எஸ். அங்கும் இங்கும் தடுமாறும், நூல்கண்டு சிக்கியதுபோலக் கோடு குழம்பிவிடும். அவர் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். பதினோரு நிமிடம். கருவாடும் கழன்ற சங்கிலியும் சிரிப்பும் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இப்படிப்பட்ட முடிச்சைப் பிழை என்று அழித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடமாக நூற்றுக்கணக்கில் அழித்திருக்கிறேன்.

இதை அழிக்கவில்லை. அப்படியே வைத்து, ‘நிறைவு’ என்று எழுதினேன்.