டைல்ஸில் சிக்கிய கதவு

அத்தையைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், மல்லசமுத்திரத்து எங்கள் வீட்டில் முதலில் அவமானப்பட்டது தரைதான். தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்டுத் தரை. அதுவரை அதில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றவர்களுக்குத் திடீரென்று அதன் விரிசல்கள் கண்ணைக் குத்தின. வருகிறவர்கள் சொந்தமாகப் போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள்.

"ஒடைச்சு எடுத்தா ஊடு பூராத் தூசியாயிருமுங்க. பழைய தரை கெட்டியாத்தான் இருக்குது, மேலயே ஒட்டிப்போடலாம்" என்றார் டைல்ஸ் ஒட்டுகிறவர். பழைய தரையை அங்கங்கே கொத்திவிட்டு, பசை குழைத்துப் பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். வீடே பளபளத்தது. ஆனால் தரை உயர்ந்துவிட்டதில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஆசாரி வந்து எல்லாக் கதவுகளையும் கழற்றி, அடியில் இழைத்து மாட்டினார். பிறகு ஒரு விரலால் தள்ளினாலே திறந்தன. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் முழுக்க நான் கதவுகளை விரலால் தள்ளித் தள்ளித் திறந்துகொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ்காரருக்கு டீ கொண்டுவந்தபோது, "படிப்பு முடியட்டுமுங்கண்ணா" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"வந்து பாத்துட்டுத்தான் போவட்டுமே அம்மிணி" என்றார் அப்பா.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா டைல்ஸைப் பாராட்டினார். பெண்ணை அழைத்துவரப் போன என் அம்மா, அத்தையின் அறைக் கதவு திறக்கவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு வந்து, விருந்தாளிகளுக்கு இன்னொரு தடவை பலகாரம் வைத்தாள். அப்பா போய்த் தள்ளினார். கதவு அசையவில்லை.

எனக்கு ஒரே ஆச்சரியம். வீட்டுக்குப் பின்னால் ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை பட்டுப்புடவையோடு புதுத் தரையில் உட்கார்ந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து, கட்டில் காலில் இரண்டு பாதங்களையும் ஊன்றியிருந்தாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

திரும்ப ஓடிவந்து அப்பாவின் காதில் சொன்னேன். அவர் தள்ளுவதை நிறுத்தினார். கதவில் வைத்த கையை எடுக்காமல் கூடத்தைப் பார்த்து, "டைல்ஸ்ல புடிச்சிக்கிச்சுங்க. ஆசாரி வந்தாத்தான் ஆகும்" என்றார்.

நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, "இல்லீங்கப்பா, அத்தை..." எனச் சத்தமாகவே ஆரம்பித்தேன். அப்பா சட்டென்று என்னைத் தூக்கி இடுப்பில் வைத்து, முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டார்.

"பொண்ணுப் பாக்க வந்த எடத்துல கதவே தொறக்கலீன்னா, இதுக்கு மேல என்னுங்க சகுனம் வேணும்?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். அவர்கள் காரில் ஏறும்போதுகூட அப்பா என்னை இறக்கிவிடவில்லை. ஒற்றைக் கையால் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

கார் போனதும் கதவு திறந்தது. அத்தை வீங்கிய கண்களோடு நின்றாள். "சாப்புட்டியா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார் அப்பா. அத்தை படிப்பை முடித்து டீச்சரான பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா இன்றைக்கும் அந்த டைல்ஸ்காரரைத்தான் திட்டுகிறாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறந்ததிலிருந்து அப்பா என்னைத் தூக்கியதே இல்லை. அத்தனை பேர் முன்னால் தூக்கிக்கொண்டாரே, என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டேன்.