மெஷின் ஓடாத நேரம்

காலை பத்து மணிக்கு முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். பிறகு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவாள். குழாயடியில் ஒரு பழந்துணியைப் போட்டு வைப்பாள், சொட்டினாலும் சத்தம் கேட்காமல் இருக்க. கடைசியாகத் தன் தையல் மெஷினையும் அணைத்துவிட்டு, கழுத்தில் வேர்வை வழிய உட்கார்ந்துகொள்வாள். அடுத்த அறையில் அவள் புருஷன் தொண்டையைச் செருமி, கேமராவைப் பார்த்து, "வணக்கம் சொந்தங்களே" என்பார். அந்தக் குரலில் இருக்கும் உற்சாகத்தில் கால்வாசிகூட வீட்டுக்குக் கிடைப்பதில்லை.

இணையத்தில் அவருக்குக் கம்பியண்ணன் என்று பெயர். முதல்முதலில் அதைக் கேட்டபோது, எவனோ கம்பி நீட்டிய ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

கல்யாணமான புதிதில் அவர் ஸ்டுடியோவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டுக்குப் பின்னால் கேட்குமே, யார் வாசித்தது என்று யாரும் கேட்காத கிட்டார், அது. அங்கே சுவரெல்லாம் மெத்தை தைத்திருக்கும், கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டும். நிசப்தம் அப்போது ஸ்டுடியோக்காரனின் சரக்கு, வாடகையோடு சேர்த்து விற்றான். அப்புறம் ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருந்தால் படுக்கையறையே ஸ்டுடியோ என்றாகிவிட்டது. யாரோ எப்போதோ வாசித்து வைத்த கிட்டார் துண்டுகளை வாங்கிப் பாட்டில் ஒட்டிக்கொண்டார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று கட்டிலும் மேஜையும் விற்கிறார்கள். பதிவு செய்வது மலிந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். மெத்தைச் சுவர் செய்த வேலையை ஒரு பெண்பிள்ளை கூலியில்லாமல் செய்தால் ஏன் மலியாது?

அவரும் சும்மா இருக்கவில்லை, கேமரா முன்னால் உட்கார்ந்தார். சில வருஷம் பாடம் சொல்லித்தரும் வீடியோக்களே வீட்டை நடத்தின. பிறகு தெருவுக்கு ஒருவர், வண்ண விளக்கு போட்டுக்கொண்டு, அவரைவிட வேகமாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது கம்பெனிகள் அனுப்பும் பெடல்களை, அதாவது காலால் அமுக்கினால் கிட்டாரின் குரலை மாற்றுகிற சின்னப் பெட்டிகளை, வாசித்துக் காட்டி 'அருமை' என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அவருக்குக் கசந்துவிட்டது. சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவளுக்கு ஒரு 'ம்'தான்.

இந்த நிலைமையில்தான் அவளுக்கு அந்த ஆர்டர் வந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நாற்பது திரைச்சீலை. இத்தனை வருஷத் தையலில் அவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை. சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் இனி விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவளுக்கே என்று மேனேஜரம்மா சொல்லியிருந்தாள். தவறினால் ஆர்டர் ஏதாவது பெரிய கடைக்குப் போய்விடும். அதே வாரம் பார்த்துத்தான் அவருக்கும் ஐந்து வீடியோ முடிக்க வேண்டியிருந்தது.

"என்னங்க, நாளைக்கு ஒரு நாள் நான் மெஷின ஓட்டிக்கறேனே."

"நாளைக்கா? ரெண்டு வீடியோ இருக்கேம்மா."

"நான் மட்டும் என்ன, பொழுது போகாமலா தைக்கறேன்?"

அவர் மோசமான மனுஷர் இல்லை. அவளைப் போலவே அவரும் ஓய்ந்து போயிருந்தார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கே வந்தார்.

"ஒரு வழி இருக்கு. உன் மெஷின் சத்தத்த மட்டும் கம்ப்யூட்டருக்குத் தனியா காட்டிட்டா போதும், அப்புறம் அது எங்க வந்தாலும் அழிச்சிடும். பத்து செகண்டு ஓட்டு."

ஒரு வெட்டுத் துணியை ஊசிக்கடியில் கொடுத்து ஓட்டினாள். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு முன்னால் மைக் நீட்டப்பட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் இருந்த சுவடே தெரியாமல் துடைப்பதற்கு. சுருக்கென்றது. ஆனாலும் வேலை நடந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டாள்.

வேலை நடக்கவும் செய்தது. அவர் அங்கே வாசிக்க, இவள் இங்கே தைக்க, மூன்று நாளில் இருபத்தாறு திரை முடிந்தது. புதன்கிழமை மத்தியானம், வெளியாகியிருந்த முதல் வீடியோவை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டாள். மெஷின் சத்தம் துளியும் இல்லை. ஆனால் கிட்டாரில் ஏதோ குறைந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை காலம் கேட்ட காது, உடனே பிடித்துவிட்டது.

"என்னங்க, தடிச்ச கம்பி எங்க?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "உன் மோட்டார் உறுமறதும் அந்தக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சுருதி. அத அழிச்சா இதுவும் கூடவே போயிடுது."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"போன்ல பாக்கறவங்களுக்கு அது என்னைக்கும் கேட்டதில்ல. இப்பல்லாம் யாரும்மா கேக்கறா? நீ தையி."

அந்தக் கம்பி சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்டுடியோவில் மல்லுக்கு நின்று, அன்றைய வேலையையே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மனுஷர். இன்று திரைச்சீலைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு 'நீ தையி' என்கிறார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே வந்திருந்ததையெல்லாம் படித்தாள். இதயம், கைதட்டல், நெருப்பு. 'அண்ணே, சட்டை எங்க வாங்கினீங்க?' என்று ஒருவன். அத்தனை பேரில் ஒருத்தனுக்காவது உறைக்க வேண்டாமா? அவளுக்குக் கோபம் வந்தது. அவளுடைய போன், தங்கை மகன் வேண்டாமென்று கொடுத்தது. அவன் வைத்திருந்த 'காட்டுப்பூனை' என்ற பெயரே அதில் இன்னும் கிடந்தது, அது அவருக்குத் தெரியாது. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்: 'அண்ணே, தடிச்ச கம்பி சோகை பிடிச்ச மாதிரி இருக்கு. நீங்க இப்படி விடற ஆள் இல்லையே.'

சாயங்காலம் அவர் வேகமாக அவள் அறைக்கு வந்தார்.

"ஒருத்தன் கண்டுபிடிச்சிட்டாம்மா. காட்டுப்பூனையாம். இத்தன ஆயிரம் பேர்ல ஒருத்தனுக்குக் காது இருக்கு பாரு."

அவர் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை மாசமாயிற்று. நுனி நாக்குவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"அவன் ஒருத்தனுக்காகவாவது ஒழுங்கா வாசிக்கணும். எல்லாத்தையும் திரும்ப எடுத்துடறேன். வியாழன், வெள்ளி, ரெண்டே நாள், ராத்திரி பகலா. மெஷின நிறுத்திக்கறியா?"

இன்னும் பதினாலு திரை பாக்கி. கையால் தைத்தால் சனிக்கிழமைக்குள் பாதிகூட முடியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அவள் ஒற்றை விரலால் வைத்துக்கொண்டாள். 'அது நான்தாங்க' என்று சொன்னால் போதும், மெஷின் ஓடும், ஆஸ்பத்திரி கைவிட்டுப் போகாது. இந்த முகம்தான் பழையபடி ஆகிவிடும்.

"நிறுத்திக்கறேன்" என்றாள். கைத்தையலுக்கு ஊசிப் பெட்டியைத் திறந்தாள்.

அவர் வாசற்படியில் நின்று திரும்பினார். "யாரா இருப்பான் அவன்?"

"யாராவது வேலை வெட்டி இல்லாத ஆளா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இருபத்தேழாவது திரையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், மீதி பதினாலில் முதலாவதை.